ஜன்னலோரம் அவருக்குப் பிடித்திருந்தது

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேஜை மேல் போட்டிருப்பீர்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். நர்ஸ் வேலைக்கு நான் ஜெர்மனிக்குக் கிளம்பி வந்ததிலிருந்து அண்ணனுடன் போனில் பேசும்போதெல்லாம் பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அது நீங்கள்தான் என்று தெரியும். போனை அண்ணியிடம் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் வாங்கவில்லை.

இப்போதும் பாசத்தில் எழுதவில்லை, காரியமாகத்தான் எழுதுகிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க பியானோவுக்குச் சுதி சேர்க்கிற வேலை பார்த்தவர். அதனால் நாங்கள் அவரைப் பியானோக்காரர் என்போம். போன வாரம் ஒரு மத்தியானம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், எழுந்திருக்கப் பார்த்து அப்படியே சரிந்துவிட்டார். நான் தட்டு எடுக்க உள்ளே போனபோது தரையில் கிடந்தார். நானும் இன்னொரு பெண்ணும் தூக்கிப் படுக்க வைத்தோம். வலிக்கிறதா என்றால் இல்லை இல்லை என்கிறார். இருந்தாலும் டியூட்டி டாக்டருக்கு உடனே போன் பண்ணினேன். ஜன்னலோரம் விழுந்துவிட்டார் என்று சொன்னேன். டாக்டர் அவசரத்தில் இருந்தார். "டாஸ் ஃப்ராய்ட் மிஷ்" என்று சொல்லி வைத்துவிட்டார். 'எனக்குச் சந்தோஷம்' என்று அர்த்தம். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சரி, தகவல் சொன்னதற்குச் சந்தோஷம் என்கிறார் போல, வருவார் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. சாயங்கால ரவுண்டுக்கு வந்தபோதுதான் பெரியவரின் கால் திரும்பியிருப்பதைப் பார்த்தார். இடுப்பு எலும்பில் முறிவு. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்கிறார். சொன்னேன் என்று நான் சொல்கிறேன். என்ன சொன்னாய், அப்படியே திருப்பிச் சொல் என்றார்கள். சொன்னேன்: "அம் ஃபென்ஸ்டர் ஹாட் இம் கெஃபாலன்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தலைமை நர்ஸ் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார். நான் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன், நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியாத ஒருத்தியை நோயாளியிடம் தனியாக விட முடியாது, மார்ச் முடிவில் மறுபடி பார்க்கலாம், அப்போதும் இப்படி என்றால் வேலை நீட்டிப்பு இல்லை என்றார். பெரியவரின் மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கே தப்பு பண்ணினேன் என்று இங்கே யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது. போனில் கேட்டால் அண்ணன் ஸ்பீக்கரில் போடுவார், பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சே வராத மனிதர் முன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

எனக்கு இறந்தகாலம் கற்றுக்கொடுப்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. மாமா நலம். உன் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார்.

முதலில் நீ சொன்ன வாக்கியம். நீ சொன்னதற்கு அர்த்தம், "ஜன்னலோரம் அவருக்குப் பிடித்திருந்தது." டாக்டர் சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள்.

விழுவது 'ஃபாலன்'. பிடித்துப்போவது 'கெஃபாலன்'. நடந்து முடிந்ததாகச் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரே உருவம்தான், 'கெஃபாலன்'. கூட வருகிற துணைவினைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'இஸ்ட் கெஃபாலன்' என்றால் விழுந்துவிட்டார். 'ஹாட் கெஃபாலன்' என்றால் பிடித்திருந்தது. நீ 'ஹாட்' போட்டாய். போதாததற்கு 'அவருக்கு' என்று ஒரு 'இம்' வேறு சேர்த்தாய். அவர் விழுந்ததை மொத்தமாக மறைக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

இந்தப் பாடம் நடந்தபோது நம் ஜெர்மன் வகுப்பில் நீ என் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் மொழியில் ஒரே துணைதான், 'இரு'. வந்திருக்கிறேன், தின்றிருக்கிறேன், அடித்திருக்கிறேன், எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அவர்களுக்கு இரண்டு. 'ஸைன்' என்பது நம்முடைய 'இரு'; 'இஸ்ட்', 'பின்' எல்லாம் அதன் உருவங்கள். 'ஹாபன்' என்பது 'கையில் உண்டு' என்கிற மாதிரி; 'ஹாட்' அதன் உருவம். பெரும்பாலான வினைகளுக்கு ஹாபன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனாலோ, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறினாலோ ஸைன். துணைவினை வாக்கியத்தில் இரண்டாவதாக நிற்கும். முக்கிய வினை கடைசிக்குப் போய்விடும். வினையைக் கடைசியில் வைக்கிறது நமக்குப் புதிதில்லை, பயப்படாதே.

உதாரணம் பார். உன் அண்ணன் லாரியில் கிளம்பிப் போனார்: ஸைன். நான் மாமாவைக் குளிப்பாட்டினேன்: ஹாபன். நான் போர்வை துவைத்தேன்: ஹாபன். நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் வேலைக்குக் கடிதம் வந்தது: ஸைன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னாய்: ஹாபன். நீ விமானம் ஏறிப் போனாய்: ஸைன். நான் இங்கேயே தங்கிவிட்டேன்: இதற்கும் ஸைன்தான். 'இஷ் பின் கெப்லீபன்.' ஓர் அடிகூட நகராத வினைக்கு ஏன் ஸைன் என்று நான் அன்றைக்கே ஆசிரியரிடம் கேட்டேன். அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கொள் என்றார்.

பண்ணிக்கொண்டேன்.

அடுத்த கடிதத்தில் நேற்று நடந்தவற்றைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுது. அவர்கள் பேசும்போது நேற்று நடந்தது, போன வருஷம் நடந்தது எல்லாமே பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வரும். இது வந்துவிட்டால் பாதிப் பேச்சு வந்த மாதிரி. வாக்கியங்கள் நிஜமாக நடந்தவையாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து 'ஹான்ஸ் பந்து விளையாடினான்' என்று எழுதினால் திருத்த மாட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டதே, அதுவே பாதி பாரம் குறைந்த மாதிரி.

வாக்கியங்களைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் கிழித்துத் தள்ளுவீர்கள் என்று இரண்டு வரி இடம் விட்டு எழுதினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று இங்கேயும் சொல்கிறேன், தாளைப் பார்த்துப் புரியாவிட்டால் இதைப் பாருங்கள்.

நேற்று நான் சீக்கிரம் எழுந்தேன். அறைத் தோழி பேசாமல் வேலைக்குப் போனாள். நான் தனியாகச் சாப்பிட்டேன். பஸ்ஸில் ஒரு குழந்தை என் பின்னலைப் பிடித்து இழுத்தது. அதன் அம்மா மன்னிப்புக் கேட்டாள், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, சிரித்தேன். பியானோக்காரருக்கு அறுவைச் சிகிச்சைத் தையலைப் பிரித்தார்கள். நான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. நான் தூங்கினேன்.

கடைசி வாக்கியத்தில் ஒரு சந்தேகம். தூங்குவது நிலை மாறுவதுதானே? விழித்திருந்தவள் தூங்கிவிட்டாளே. ஸைன் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. 'புரிந்துகொண்டேன்' என்பதற்கு எல்லாவற்றுக்கும் போல முன்னால் ஒரு 'கெ' ஒட்டி வார்டில் சொன்னேன். துப்புரவு வேலை பார்க்கிற அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஃபெர்ஷ்டாண்டன், கண்ணு, 'கெ' கிடையாது" என்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தார். எது எதுக்குக் 'கெ' கிடையாது?

பியானோக்காரருக்கு என் மேல் கோபம் இல்லை. அவர் மகளுக்குத்தான். அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், தோள் இரண்டும் கதவளவு இருக்கும். நடைபாதையில் என்னைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் என்ன சொல்ல முடியும்? சொல்ல வார்த்தை சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி, நீங்கள் தங்கிவிட்டதைப் பற்றி எழுதியதை நான் படித்தேன். படிக்காத மாதிரி இருக்க எனக்கு மனசு வரவில்லை. நான் முந்திக்கொண்டேன். உங்கள் மதிப்பெண் என்னைவிட எவ்வளவோ மேலே. அப்பா பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்கிற தைரியத்தில்தான் நான் இங்கே நிற்கிறேன். இதை ஏர்போர்ட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா எப்படி இருக்கிறார்? நலம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள்.

உங்கள்,
லொடலொட
(வகுப்பில் நீங்கள் வைத்த பெயர்தான். இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. லொடலொடவென்று பேச மொழி வேண்டுமே.)


மார்ச் 8

லொடலொடவுக்கு,

நீ கேட்டபடி மாமாவைப் பற்றி ஒரு வார்த்தையில் முடிக்கப்போவதில்லை. ஆனால் பாடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

'பெ', 'ஃபெர்', 'எர்' மாதிரி பிரிக்க முடியாத முன்னொட்டு இருந்தால் 'கெ' வராது. ஏற்கெனவே வாசலில் ஒருத்தர் நிற்கும்போது இன்னொருத்தருக்கு இடமில்லை. 'ஈரன்' என்று முடிகிற வினைக்கும் வராது. பிரிகிற முன்னொட்டு என்றால் 'கெ' நடுவில் புகுந்துகொள்ளும். 'எழுந்தேன்' என்பதை நீ 'அவுஃப்கெஷ்டாண்டன்' என்று சரியாகவே எழுதியிருக்கிறாய், கூடவே ஸைன். ஆச்சரியம்.

தூங்கினது ஹாபன். தூங்கிப்போனது ஸைன். இரண்டும் வேறு வேறு வினை. நானே கண்டுபிடித்த ஒரு வழி சொல்கிறேன். தமிழில் எங்கே 'போ' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறதோ அங்கே ஸைன் போட்டுப் பார். தூங்கிப்போனேன், செத்துப்போனார், உடைந்துபோனது, காணாமல்போனது. முக்கால்வாசி ஒத்துவரும். 'மறந்துபோச்சு' மட்டும் ஏமாற்றும், அது ஹாபன்.

இனி மாமா.

உன் வாக்கியங்களைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் எனக்குத் தப்பு தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே படித்தேன். மாமா எதிரே நாற்காலியில் இருந்தார். எந்த வினையிலும் தப்பு பண்ணாமல் இருக்க, இறந்தகால உருவங்களை ஒரே தாளத்தில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம், உனக்குத்தான் தெரியுமே. கெகாங்கன், கெகொம்மன், கெப்லீபன் என்று, போனது, வந்தது, தங்கியது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு சட்டையில் பொத்தான் இல்லை என்று பார்க்க 'கெ—' என்று நிறுத்தினேன்.

"காங்கன்" என்றார்.

நான் ரேடியோ என்று நினைத்தேன். வீட்டில் ரேடியோ ஓடவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடி 'கெ—' என்றேன். "காங்கன்." வாய் ஒரு பக்கம் இழுத்தபடிதான். ஆனால் தெளிவாக வந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா புதன்கிழமை வந்தார். சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், ஆச்சரியப்படவில்லை. தாளம் போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு முதலில் வருமாம், பேசுகிற வழி அடைபட்டாலும் பாடுகிற வழி திறந்திருக்குமாம். மாமா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். பஸ் கண்டக்டர் என்றேன். வாழ்க்கை முழுக்க நிறுத்தங்களை ஒரே ராகத்தில் கத்தினவர் ஆயிற்றே. "எந்த மொழியா இருந்தா என்னம்மா, நிறுத்தாம சொல்லுங்க" என்றார்.

இப்போது தினமும் நானும் அவரும் ஜெர்மன் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ மந்திரம் சொல்வதாக நினைக்கிறார்கள்.

நீ போனதிலிருந்து இந்தப் புத்தகங்களை நான் பரணில் போட்டிருந்தேன். பார்த்தாலே எரிச்சல் வரும். உன் கடிதம் வராவிட்டால் எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருக்காவிட்டால் மாமா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். யாருக்கு யார் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்: நன்றி.

இன்னும் பத்து வாக்கியம் அனுப்பு. நீளமாக. மாமாவுக்குக் குறுகிய வாக்கியம் அலுத்துவிட்டது.

அகராதி
(நீ வைத்த பெயர். புத்தகமா, திமிரா, எதை நினைத்து வைத்தாய் என்று இன்றைக்காவது சொல்.)


மார்ச் 29

என் அருமை அகராதிக்கு,

இரண்டையும் நினைத்துத்தான் வைத்தேன்.

உன் கடிதத்தை இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அப்பாவின் குரலை நினைத்துக்கொண்டு 'காங்கன், காங்கன்' என்று நானே சொல்லிக்கொண்டு போனதில் லிஃப்ட்டில் ஒருவர் ஒதுங்கி நின்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது, கவனித்தாயா? பேனா தானாக எழுதிவிட்டது. அண்ணனிடம் சொல்லாதே.

நேற்று என் பரீட்சை. பரீட்சை என்றால் தாள், கேள்வி ஒன்றும் இல்லை. தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, பியானோக்காரரின் மகள் வருகிறாள், டாக்டரும் இருப்பார், அன்றைக்கு நடந்ததை நீயே அவளிடம் சொல், நான் குறுக்கே வர மாட்டேன் என்றார். வேலை போனால் போகட்டும் என்று ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சின்ன அறை. வட்ட மேஜை, நாலு நாற்காலி, யாரும் தொடாத தண்ணீர் பாட்டில். நீச்சல்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மடியில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

உங்கள் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். பிறகு அடுத்த அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து விழுந்திருந்தார். 'எர் இஸ்ட் கெஃபாலன்.' அந்த 'இஸ்ட்' வருகிற இடத்தில் தலைமை நர்ஸ் பேனாவை மேஜையில் வைப்பது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. நாங்கள் தூக்கினோம். வலி இல்லை என்றார். நான் டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். நான் தப்பான வார்த்தையைச் சொன்னேன். டாக்டர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். நான் காத்திருந்தேன், மறுபடி கூப்பிடவில்லை. உங்கள் அப்பா வலியோடு படுத்திருந்தார், எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் வந்தது. ஒரே ஒரு இடத்தில் ஹாபனும் ஸைனும் இடறியது, நானே திருத்திக்கொண்டேன்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வாக்கியம் வினோதமாக இருக்கிறதே என்று அன்றைக்கே தனக்குப் பட்டது, திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார். அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. அதனால் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

நீச்சல்காரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா கீழ கிடந்தப்போ, தூக்க ஆள் வர்ற வரைக்கும் நீங்க என்ன பண்ணீங்க?"

"கையைப் பிடிச்சுட்டு இருந்தேன். என் மொழியில பேசிட்டு இருந்தேன். உங்க மொழி அப்போ எனக்கு வரல."

அவள் கையைக் கட்டியிருந்ததை அவிழ்த்தாள். "அப்பா சொன்னார், யாரோ பக்கத்துல பேசிட்டே இருந்தாங்க, ஒண்ணும் புரியல, ஆனா பயம் போயிடுச்சுன்னு. வலி மருந்துல உளர்றார்னு நெனச்சேன்."

பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அகராதி. தலைமை நர்ஸ், யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன், நிறுத்தாமல் சொன்னேன், ஜெர்மனில் லொடலொடத்தேன். நம் ஊரிலிருந்து இன்னும் சில நர்ஸுகள் வரப்போகிறார்களாம். அவர்களுக்கு நீ வீட்டிலிருந்தபடியே பாடம் எடுக்க முடியுமா, ஆஸ்பத்திரி சம்பளம் கொடுக்கும் என்று கேட்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாம், உன் படிப்பும் வீணாகாது.

சரி என்று எழுது. உன்னால் எனக்குக் கிடைத்ததற்கு இது கால் தூசுகூட இல்லை.

லொடலொட


ஏப்ரல் 10

லொடலொட,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நீச்சல்காரி கை குலுக்கிய இடத்தில் அவர் தன் நல்ல கையால் தொடையைத் தட்டினார். உன் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணில் தூசி என்றார். தப்பில்லாமல் பேசினதற்கு நான் சந்தோஷப்பட்டேன். தப்பை நீயே திருத்திக்கொண்டாய் பார், அதற்கு இன்னும் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

தலைமை நர்ஸுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் பாடம் எடுக்க எனக்கு இஷ்டமில்லை.

கோபித்துக்கொள்ளாதே. நீ நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறாய். ஆனால் நான் அந்த மொழியைப் படித்தது சொல்லிக்கொடுக்க இல்லை. நானும் நர்ஸ். ரத்த அழுத்தம் பார்த்து, கட்டு மாற்றி, ஷிஃப்ட் முடிந்து கால் வலிக்க பஸ் ஏறணும். இரண்டு வருஷம் போதும். போய் நின்று பார்க்கணும், லொடலொட. மற்றவர்களை வழியனுப்பிக்கொண்டே இருக்க என்னால் ஆகாது.

இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, "நான் லாரி ஓட்டிட்டு மாசக்கணக்கா போனப்போ நீ இருந்தே இல்ல. இப்ப நான் இருக்கேன்" என்றார். உள்ளூரிலேயே ஒரு கிடங்கில் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்களாம், வருஷக் கடைசியில் சேரலாமாம்.

மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்போது தமிழிலும் சில வார்த்தை வருகிறது. தண்ணி, வேண்டாம், லைட்டை அணை. நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து, "போ" என்றார். நான் அவர் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தது பிடிக்கவில்லை, கோபத்தில் எழுந்து போகச் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்தேன். விடவில்லை. தலையால் பரணைக் காட்டினார். பரணில் என் பெட்டி இருக்கிறது. "போம்மா" என்றார் மறுபடி.

அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் கிடங்கு வேலை வருஷக் கடைசியில்தான். நடுவில் அவரை யார் பார்ப்பது என்று தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அகராதி


மே 2

அகராதி,

யோசிக்க வேண்டாம். நான் வருகிறேன்.

தலைமை நர்ஸிடம் பேசிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து, அண்ணன் கிடங்கில் சேர்கிற வரைக்கும், சம்பளமில்லாத விடுப்பு, என் இடம் எனக்காகக் காத்திருக்கும். அந்த இடத்தில் ஆள் வேண்டுமே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனிடம் கேட்டு வாங்கிய உன் சான்றிதழ்ப் பிரதிகளை மேஜையில் வைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதங்கள் நகர்கின்றன. நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் தனி உறையில் வரும். இந்தத் தடவை நீ முதலில் போடு.

என்னால் முடியுமா, அப்பாவுடன் மாதக்கணக்கில் தனியாக இருந்து பழக்கமில்லையே என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். நேற்று அண்ணன் போன் பண்ணி அப்பாவிடம் கொடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வா" என்றார். ஒரே எழுத்து. எனக்கு அப்புறம் பயம் இல்லை.

என் கட்டில் ஜன்னல் பக்கம். அறைத் தோழி காலையில் பேச மாட்டாள், சாயங்காலம் பேசுவாள். குளிருக்கு என் கம்பளிக் கோட்டை விட்டுவிட்டு வருகிறேன், உனக்குக் கை கொஞ்சம் நீளமாக இருக்கும், மடித்துக்கொள்.

உன் லொடலொட


செப்டம்பர் 21

அன்புள்ள லொடலொடவுக்கு,

கோட்டுக் கையை மடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்க முடியாது, யாராவது எழுதிவிடுவார்கள். முதல் நாள் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வகுப்பில் முதல் மாணவி, விதியெல்லாம் விரல் நுனியில். இங்கே இவர்கள் பாதி வார்த்தையை முழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் மனசுக்குள் இலக்கணத்தை அடுக்கி முடிப்பதற்குள் எல்லாரும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்கள். துப்புரவு அக்காதான் என் முழங்கையைப் பிடித்து, "சும்மா பேசு, தப்பா பேசு, உன் நாத்தனார் அப்படித்தான் பேசுவா" என்றார்.

பேசினேன். இரண்டாவது படுக்கைக்காரர் நன்றாகத் தூங்கினார் என்று சொல்ல வந்து, அவசரத்தில் அவர் தூங்கிப்போய்விட்டார் என்கிற உருவத்தைப் போட்டுவிட்டேன். இங்கே அப்படிச் சொன்னால் ஆள் காலமாகிவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மனிதரோ பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார். வார்டே சிரித்தது. என்னைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு வாய் திறந்துவிட்டது.

எங்கே போனாலும் உன் பெயர். பியானோக்காரர் கைத்தடியுடன் பரிசோதனைக்கு வந்திருந்தார். நான் அவருக்குப் புதிய ஆள், ஆனால் என் கையைப் பிடித்ததும் அவர் செய்த முதல் காரியம் உன்னை விசாரித்ததுதான். அப்பாவுடன் இருக்கிறாள் என்றேன். நல்ல இடம் என்றார். உன்னால் எனக்கு இந்த ஊரில் பாதி வேலை நடந்து முடிந்திருக்கிறது. நான் கதவைத் தட்டுவதற்கு முன்னால் கதவுகள் திறந்திருக்கின்றன.

நேற்று ஒரு நோயாளி, வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். இத்தனை நாள் நாம் உருட்டிக்கொண்டிருந்த இறந்தகாலத்தில் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு அதைப் போடக் கூடாது. வெறும் நிகழ்காலம்தான். இருக்கிறேன் என்று சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து, கால் வலிக்க, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாமாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். சொல்லிவிட்டு அவர் பதில் சொல்கிற வரைக்கும் காத்திரு, நடுவில் புகுந்து நீயே முடித்துவிடாதே. அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆனால் சொல்வார். அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எனக்கு எழுது.

உன் அகராதி